ஆறடித் தொட்டி

அத்தியாயம் பதினொன்று

பத்து நாளுக்கு முன்னால், குளிப்பாட்டும்போது வேதமணி தன் மனைவி தேவகிருபையின் கையிலிருந்து நழுவி விழுந்ததையும், நெற்றியில் இரண்டு தையல் போட நேர்ந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேவகிருபையும் மறக்கவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு அன்றிலிருந்து வீங்கிக் கிடந்தது.

பக்கவாதம் வந்து பதினாலு மாதம். ராஜபாளையத்தில் பஞ்சு பாக்டரி வைத்து, நூறு பேரை ஒரு பார்வையில் வேலை வாங்கியவர் வேதமணி. இப்போது அவருடைய வலது பக்கம் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாய் பேசும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். உடம்பு மட்டும் கொஞ்சமும் இளைக்கவில்லை. அந்த ஆறடி உடம்பைக் கட்டிலிலிருந்து எழுப்பி, முக்காலியில் உட்காரவைத்து, ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றுவது தேவகிருபை ஒருத்தியின் வேலை. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது.

மகன் கிறிஸ்துராஜ் இருக்கிறானே, பாக்டரியில் ஆள்கள் இருக்கிறார்களே என்று ஊரே கேட்டது. வேதமணி ஒப்பவில்லை. தகப்பன் நிர்வாணத்தைப் பார்த்த மகனுக்கு வந்த சாபத்தைச் சின்ன வயதிலேயே வேதாகமத்தில் படித்து மனத்தில் போட்டுக்கொண்டவர் அவர். நேற்று வரை தன் முன்னால் கைகட்டி நின்ற கூலிக்காரன் தன் துணியை அவிழ்ப்பதையும் அவரால் தாங்க முடியாது. ரோஷம் அவருக்கு, முதுகுவலி அவளுக்கு. இந்த ஏற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் ஒரு நாள் தவறாமல் நடந்து வந்தது.

தையல் போட்ட அன்று கிறிஸ்துராஜ் ஒரு முடிவுக்கு வந்தான். கிணற்றடியில் தட்டி மறைத்துக் குளிப்பாட்டுகிற கதை இனி வேண்டாம், வீட்டுக்குள்ளேயே குழாய் வைத்த குளியலறை கட்டிவிடலாம் என்றான். கட்டில் போட்டிருந்த அறையை ஒட்டிய சாமான் அறை ஒரே வாரத்தில் குளியலறை ஆனது. மாடியில் இரும்புத் தொட்டி ஏறியது. கைப்பம்பால் அடித்தால் கிணற்றுத் தண்ணீர் மேலே போகும். ஆசாரி தவசிமுத்து தேக்கில் கதவு செய்து மாட்டினார். மிச்சம் இருந்தது குழாயும் குளிக்கும் தொட்டியும்தான். அதை வாங்கத்தான், வேதமணியை மருமகள் ஜெயபாயிடம் விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி பஸ்ஸில் தாயும் மகனும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார்கள்.

பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தேவகிருபை தூங்கிவிட்டாள். உட்கார்ந்தால் கண்ணைச் சொருகும் நிலைக்கு அவள் வந்து வெகு நாளாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் முழுவதையும் தூங்கித் தீர்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இடித்து எழுப்பிய பிறகுதான் ஆசீர்வாதத்துக்கு எழுந்து நின்றாள்.

கிறிஸ்துராஜ் எழுப்பினான். அவன் கையில் கம்பெனிக்காரன் அனுப்பிய படப் புத்தகம் இருந்தது. சிங்கத்தின் கால் வைத்த வெள்ளைத் தொட்டி ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினான். வெந்நீரில் அரைமணி நேரம் படுக்கவைத்தால் மரத்துப்போன நரம்புக்கு நல்லது என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அப்பா கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாமாம். சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்தது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, தகப்பனுக்கு என்னவாவது செய்துவிட வேண்டும் என்று துடிக்கிறான், எதைச் செய்வதென்றுதான் தெரியவில்லை. தேவகிருபைக்கு அது புரிந்தது. அலுப்பாகவும் இருந்தது.

"சரிப்பா, போய்ப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது தொட்டி அல்ல. இடுப்பு உயரத்தில் சுவரில் பதித்த இரண்டு குழாய், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். அதற்கு நேர் கீழே முதுகைச் சாய்த்து உட்காரும்படி ஒரு கல் மேடை. குனியவும் வேண்டாம், மொள்ளவும் வேண்டாம். இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொள்ளலாம். இது கிடைத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கிடைக்காவிட்டால், அடுத்த முறை அவர் நழுவும்போது தையலோடு போகாது என்ற பயம் ராத்திரி பகலாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

காசிராஜனின் இரும்புக் கடை ரத வீதியில் இருந்தது. அவருக்கு நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. ஐரோப்பாவில் சண்டை தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டதாம், சீமைச் சரக்கு வரத்தே இல்லையாம், இருப்பதுதான் இருப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஒன்பது வகைக் குழாயை மேசைமேல் பரப்பினார்.

பித்தளையில் இருந்தது, நிக்கல் முலாம் போட்டதும் இருந்தது. தலையில் வெள்ளைப் பீங்கான் வில்லை பதித்த ஒரு ஜோடியை கிறிஸ்துராஜ் எடுத்துப் பார்த்து அழகாக இருக்கிறது என்றான். தேவகிருபை வாங்கித் திருகிப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் ஒரு சோப்பும் செம்பில் தண்ணீரும் கேட்டாள்.

காசிராஜன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். குழாய் வாங்க வந்து சோப்பு கேட்ட ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் கொண்டுவரச் சொன்னார். அவள் இரண்டு கையிலும் நுரை வரத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகத் திருகினாள். கை வழுக்கியது. நிக்கலும் வழுக்கியது, பித்தளையும் வழுக்கியது, அழகான பீங்கான் எல்லாவற்றையும்விட நன்றாக வழுக்கியது. அவள் கையைக் கழுவிக்கொண்டு ஒன்றும் வேண்டாம் என்பதுபோல் ஓரமாக உட்கார்ந்தாள். கடைக்காரர் காரணம் கேட்டார்.

"ரெண்டு கையிலயும் ஆளப் பிடிச்சிருப்பேன் அண்ணாச்சி. முழங்கையால தொறக்கணும். அப்படி ஏதாச்சும் இருக்கா?"

காசிராஜன் தானே எழுந்து உள்ளே போய், சாக்கில் சுற்றிய ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். ஒரு ஆஸ்பத்திரிக்காக வரவழைத்ததாம், அவர்கள் எடுக்கவில்லையாம். திருகுவதற்குப் பதிலாக ஒரு சாண் நீளத்தில் கைப்பிடி இருந்தது. கத்தி பிடித்த டாக்டர் முழங்கையால் தட்டித் திறப்பாராம், முழங்கையாலேயே மூடுவாராம். தேவகிருபை முழங்கையால் தட்டினாள். திறந்தது. திருப்பித் தட்டினாள், மூடிக்கொண்டது. விளையாட்டுச் சாமான் கிடைத்ததுபோல் நாலைந்து தரம் தட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து கிறிஸ்துராஜுக்கே ஆச்சரியமாக இருந்தது.

குழாயில் தகராறு இல்லை. தொட்டியில்தான் வந்தது.

கடையின் பின்பக்கம் இரண்டு தொட்டி கிடந்தன. மலை எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த பழையது ஐந்தடி. அப்போதுதான் பெட்டி பிரித்த புதியது ஆறடி, வார்ப்பிரும்பு, உள்ளே பால் நிறத்தில் எனாமல். கிறிஸ்துராஜ் ஆறடியைத் தடவிக் கொடுத்தான். தேவகிருபை அதன் விளிம்பு தன் இடுப்புக்கு வருவதைப் பார்த்தாள். இந்த விளிம்பைத் தாண்டி அவரை யார் உள்ளே இறக்குவது, நனைந்து கனத்த உடம்பை யார் வெளியே தூக்குவது என்று கேட்டாள்.

அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். கட்டிலிலிருந்து தொட்டிக்குச் சறுக்கிக்கொண்டு வர ஒரு பலகை போடப்போகிறானாம். காலையிலேயே தவசிமுத்து ஆசாரிக்குச் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்குப் போய் அப்பாவின் நீளமும் தோள் அகலமும் அளவெடுத்துவிடுவார் என்றான்.

"எறக்கிருவே. ஏத்துறது?" என்றாள் தேவகிருபை. "நீ ஒரு நாள் அவியளத் தூக்கிப் பாருப்பா. பொறவு தொட்டி வாங்கு."

"அப்பா என்னைய விட்டாத்தான."

அவனை அவர் விடவில்லை என்பது உண்மை. கையோடு எடுத்து வந்திருந்த ஆஸ்பத்திரிக் குழாயை அவள் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். காசிராஜன் வாடிக்கையாளர் சண்டையில் தலையிடாத பெரிய மனிதர், வெளியே போய் எச்சில் துப்பிவிட்டு வந்தார். மம்சாபுரத்து டாக்டர் ஒருவர் அந்த ஆஸ்பத்திரிக் குழாயைக் கேட்டிருப்பதாகவும், வேண்டுமானால் இன்றே சொல்லிவிடும்படியும் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

அப்போதுதான் கண்டக்டர் சோலைராஜ் கடைக்குள் வந்தான். பத்தரை மணி பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து வந்தவன். எப்போதும் தலையில் கட்டும் துண்டு அவன் கையில் இருந்தது.

"அம்மா, வண்டி பிடிச்சு ஊருக்குப் போங்க. முதலாளிக்கு நம்ம கோயில்ல துக்க மணி அடிச்சாச்சு."

கிறிஸ்துராஜ் அவனைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

"தொட்டி வேண்டாம் அண்ணாச்சி" என்றான். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினான்.

தேவகிருபையின் கை குழாயின் கைப்பிடிமேல் இருந்தது. இனிமேல் தூக்க வேண்டாம் என்ற எண்ணம் அவளுக்குள் வந்தது. வேறு எதுவும் வருவதற்கு முன்னால் அதுதான் வந்தது. முதுகிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல் தோள் இரண்டும் தொய்ந்தன, வாய் திறந்து ஒரு பெருமூச்சு வந்தது. காசிராஜன் துக்கம் என்று நினைத்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்து, தனக்கு என்ன வந்தது என்று யோசித்தாள். கண்ணீர் வரவில்லை.

வாடகைக் காரில் ஏழு மைல். மகன் வழியெல்லாம் அழுதான். அவனுடைய தலையை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. இன்றைக்கு அவரைச் சபைக்காரர்கள் குளிப்பாட்டுவார்கள் என்று நினைத்தாள். தான் ஒரு செம்பு ஊற்றினால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதர். முதல் குழந்தை தவறியபோது மூன்று நாள் தானும் சாப்பிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். அவர் போய்விட்டார், தனக்கோ முதுகு லேசாக இருக்கிறது. தான் எப்படிப்பட்ட பெண் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் அழவில்லை. ஆள் ஆளுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கார் நின்றதும் மருமகள் ஜெயபாய் ஓடி வந்து கதவைத் திறந்தாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தது.

"அத்தை, மாமா நல்லா இருக்காவ. ஒண்ணும் ஆகல."

நடந்தது இதுதான். தவசிமுத்து கதவு ஜன்னல் செய்கிற ஆசாரி என்றாலும், சபையில் யார் இறந்தாலும் பெட்டி செய்வது அவர்தான். படுக்கையாய்க் கிடக்கிற ஆள் வீட்டிலிருந்து தவசிமுத்து அளவுகோலோடு வெளியே வந்தால் அதற்கு ஒரே அர்த்தம் என்பது இருபது வருஷமாகச் சபை கண்ட வழக்கம். கோயிலில் மணி அடிக்கும் ஏசுவடியான், தவசிமுத்து வேதமணி வீட்டு வாசலில் நின்று ஆறடி, இரண்டடி என்று காகிதத்தில் குறித்துக்கொண்டதை எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தார். துக்க வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்பது முறையல்ல என்று நினைத்தார். தொப்பியைக் கழற்றினார், நேரே கோயிலுக்குப் போனார், ரிஜிஸ்தரைப் பார்த்து வயதுக்கு ஒரு அடி வீதம் மணி அடித்து முடித்தார்.

இப்போது அந்த ஏசுவடியான் வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தவசிமுத்து அவரிடமிருந்து பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குச் சந்தோஷம்தான். வேலையை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தவர்கள், உடனே எழுந்து போகவும் மனமில்லாமல் இன்னொரு டம்ளர் காப்பி குடித்தார்கள்.

கிறிஸ்துராஜ் உடனே உள்ளே போகவில்லை. காரைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஜெயபாய் கூப்பிட்டதும் பாக்டரிக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னான். போகவும் இல்லை.

உள்ளே இன்னொரு கூத்து நடந்திருந்தது. உடலைக் குளிப்பாட்டுவதற்கென்று வந்த பெண்கள், அவர் உயிரோடு இருப்பது தெரிவதற்குள், புதுக் குளியலறையில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் நிரப்பி, பெரிய செப்புப் பானையில் வெந்நீரும் போட்டு இறக்கியிருந்தார்கள். பதினாலு மாதத்தில் அந்த வீட்டில் வேறு ஒருத்தி தண்ணீர் இறைத்துக் கொடுத்தது அன்றுதான். தேவகிருபை ஆவி பறக்கும் பானையைப் பார்த்தாள். அன்றைய குளியல் இன்னும் பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகினாள்.

வேதமணி எழுந்து வந்தார். வந்தார் என்றால், அவள் இழுத்துக்கொண்டு வந்தாள். முக்காலியில் உட்காரவைத்து, துணியை அவிழ்த்து, தலையில் முதல் செம்பை ஊற்றினாள். தையல் போட்ட இடத்தில் படாமல் ஊற்றினாள்.

"அறுவத்தொண்ணு" என்றார் அவர்.

"என்னது?"

"மணி. எண்ணினேன்."

ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அவர் சொன்னதைச் சேர்த்தால் இப்படி வரும். முதலில் யாருக்கோ என்று நினைத்தாராம். நாற்பது தாண்டியதும் யார் யார் மிச்சம் என்று பார்த்தாராம். ஐம்பத்தெட்டுக்கு ஒருவர் இருந்தார், அறுபதுக்கு ஒருவர் இருந்தார். அறுபத்தொன்றில் மணி நின்றது. அந்த வயதில் சபையில் அவரைத் தவிர ஆள் கிடையாது. ஜெயபாய் சமையல்கட்டில் இருந்தாள், அறையில் ஒருவரும் இல்லை. ஒருவேளை செத்துத்தான் போய்விட்டோமோ என்று சந்தேகம் வந்து, நல்ல கையால் தொடையைக் கிள்ளிப் பார்த்தாராம். அவசரத்தில் வலது தொடையைக் கிள்ளிவிட்டார். வலிக்கவே இல்லையாம்.

தேவகிருபைக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் முகத்தின் பாதி சிரித்தது. பிறகு நின்றது.

"ஒனக்குச் சொன்னாவளா?"

"சொன்னாவ."

"என்ன நெனச்ச?"

அவள் அடுத்த செம்பை மொண்டாள். நெஞ்சே நின்றுவிட்டது என்று சொல்லலாம். எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்வாள், எந்தப் புருஷனும் அதை நம்புவான். அந்தப் பொய்யை எடுத்துச் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"அப்பாடான்னு இருந்துச்சு" என்றாள்.

ஊற்றிய தண்ணீர் வடிந்து ஓடியது. அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை மெதுவாக வந்து, வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தது.

"எனக்கும்" என்றார்.

இரண்டு பேரும் அழுதார்கள். தேவகிருபைக்குக் கடையில் வராத அழுகை இப்போது வந்தது. அழுதுகொண்டே தோளில் சோப்புப் போட்டாள், போட்ட கை வழுக்கி அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். மணிக்கட்டு அவரைத் தாங்கவில்லை. முழங்காலை முட்டுக் கொடுத்து, சுவரோடு சேர்த்து அமுக்கி நிறுத்தினாள்.

"முடியலையாட்டி?"

"முடியல" என்றாள். பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அவரிடம் சொன்னாள்.

வேதமணி தன் உடம்பைக் குனிந்து பார்த்தார். துண்டு எட்டாத தூரத்தில் தொங்கியது. அதையும் பார்த்தார்.

"அவனக் கூப்பிடு."

யாரை என்று அவள் கேட்கவில்லை. கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. அவரை விட்டுவிட்டு நகர முடியாததால், நின்ற இடத்திலிருந்தே மகனைக் கூப்பிட்டாள். இரண்டாம் தரம் கூப்பிட்டபோது அவன் குரல் கதவை ஒட்டிக் கேட்டது. அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறான்.

"நான் வரலம்மா. கடையில மொத வார்த்த நான் என்ன சொன்னேன்னு நீங்க கேட்டியல்லா."

என்ன சொன்னான் என்று வேதமணி கண்ணால் கேட்டார். மறைத்து என்ன ஆகப்போகிறது, தொட்டி வேண்டாம் என்று சொன்னான் என்று சொல்லிவிட்டாள். அவர் மூச்சை இழுத்து, பாக்டரிக்குள் நூறு பேருக்குக் கேட்கக் கூப்பிட்ட பழைய குரலில் மிச்சமிருந்ததை எடுத்துக் கூப்பிட்டார்.

"ஏலே, தண்ணி ஆறுது."

கதவு இன்னும் திறக்கவில்லை.